குளிர்காலச் சாவுகளை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

கேள்வி இதுதான்: "2017-18 குளிர்காலத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 50,000 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று படித்தேன். அடுத்த குளிர்காலத்தில் அது 23,000-ஆம். ஒரே வருடத்தில் எப்படிப் பாதிக்கும் கீழே இறங்கும்? குளிரால்தான் இறந்தார்கள் என்பதை யார், எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?"

யாரும் கண்டுபிடிப்பதில்லை. அந்த 50,000 பேரில் ஒருவருடைய பெயரைக்கூட எவராலும் சொல்ல முடியாது. ஒவ்வொருவராக எண்ணி வந்த எண் இல்லை அது. கழித்து வந்த எண். எதிலிருந்து எதைக் கழித்தார்கள் என்று தெரிந்துகொண்டால் உங்கள் கேள்வியில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். இங்கிலாந்தில் ஒரு நகர மன்றத்தின் பொதுச் சுகாதாரப் பிரிவில் இறப்புக் கணக்கு பார்க்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் அந்தக் கழித்தல். பிரிட்டனின் தேசியப் புள்ளிவிவர அலுவலகம் வருடத்தை ஆகஸ்டில் தொடங்கி ஜூலையில் முடிக்கிறது. அதை நான்கு நான்கு மாதங்களாக மூன்று துண்டு போடுகிறது. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை ஒன்று. டிசம்பர் முதல் மார்ச் வரை நடுத்துண்டு, அதுதான் குளிர்காலம். ஏப்ரல் முதல் ஜூலை வரை மூன்றாவது. முன்னும் பின்னும் உள்ள இரண்டு துண்டுகளின் சராசரியை எடுத்து, அதைக் குளிர்கால இறப்பிலிருந்து கழித்தால் மிஞ்சுவதுதான் குளிர்காலக் கூடுதல் இறப்பு. அந்த மிச்சத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம்.

நம் பெரும்பொழுதுக் கணக்கில் மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. நாட்டுக்கு நாடு குளிர் வேறு என்றாலும், இரண்டு பனிக்காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட டிசம்பர்–மார்ச் காலத்துக்குப் பக்கத்தில்தான் வருகிறது.

ஒரு சிறிய நகரத்தை வைத்துப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. ஆகஸ்ட்–நவம்பரில் 1,000 பேர் இறந்தார்கள். டிசம்பர்–மார்ச்சில் 1,260. ஏப்ரல்–ஜூலையில் 1,040. முன்னும் பின்னும் சேர்த்துச் சராசரி 1,020. கூடுதல் 240, அதாவது 23.5 சதவீதம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்குதான். ஆனால் இதற்குள்ளேயே ஒரு பொறி இருக்கிறது. நாட்களை எண்ணிப் பாருங்கள். ஆகஸ்ட்–நவம்பர் 122 நாள். ஏப்ரல்–ஜூலையும் 122 நாள். டிசம்பர்–மார்ச் மட்டும், பிப்ரவரி புண்ணியத்தில், 121 நாள். லீப் வருடத்தில் மட்டும் 122. ஒரு நாள்தானே என்று விட்டுவிட முடியாது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து வருடத்துக்கு ஏறத்தாழ 5.3 லட்சம் பேர் இறக்கிறார்கள், ஒரு நாளைக்கு 1,450 பேருக்கு மேல். குளிர்காலத்தின் ஒரு நாளைத் தவறவிட்டால் அத்தனை பேர் கணக்கிலிருந்து நழுவுகிறார்கள். நான் சொன்ன சின்ன நகரத்தையே ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று மாற்றிப் போட்டால் 23.5 சதவீதம் 24.5 ஆகிவிடும். இரண்டு வருடங்களை ஒப்பிடுகிறவர்கள் முதலில் இதைத்தான் சரிபார்க்க வேண்டும்.

இனி, குளிரால் இறந்தார்கள் என்று ஏன் எண்ண முடியாது என்பதற்கு வருகிறேன். நாங்கள் இருந்த தெருவில் செங்கல் சுவர் ஒட்டு வீடுகள். எதிர்வரிசையில் எண்பது தாண்டிய ஒரு பாட்டி தனியாக இருந்தார். ஒற்றைக் கண்ணாடி சன்னல், அதன் ஓரத்தில் கருப்பாகப் பூஞ்சை. மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் முன்பணம் போடுகிற மீட்டர். கடைக்குப் போய் அட்டையில் பணம் ஏற்றிக்கொண்டு வந்தால்தான் ஹீட்டர் எரியும். ஜனவரியில் போனால் வீட்டுக்குள்ளேயே கோட்டு போட்டுக்கொண்டு, மடியில் வெந்நீர்ப் பையோடு உட்கார்ந்திருப்பார். ஒரு குளிர்காலத்தில் சளி நெஞ்சில் இறங்கி, மருத்துவமனையில் பத்து நாள் கிடந்து போய்விட்டார். சான்றிதழில் எழுதியிருந்த மருத்துவச் சொற்கள் புரியாமல் மகள் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். முதல் பகுதியில், நேரடிக் காரணம்: நிமோனியா. அதற்கு அடியில், அதைக் கொண்டுவந்த நோய்: நாள்பட்ட நுரையீரல் அடைப்பு. இரண்டாம் பகுதியில், கூட இருந்தது: இதயச் செயலிழப்பு. மருத்துவர் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்தத் தாளில் குளிர் என்ற சொல் எங்கேயும் இல்லை, சன்னல் ஓரத்துப் பூஞ்சை இல்லை, காலியான மீட்டர் அட்டை இல்லை. ஃப்ளூ இருந்ததா என்பதும் இல்லை. முதியவர்களுக்கு ஃப்ளூ வந்து, அது நிமோனியாவாகவோ மாரடைப்பாகவோ முடியும்போது சான்றிதழில் ஃப்ளூவின் பெயர் வருவது அபூர்வம்.

விறைத்துச் சாவது என்று ஒன்று உண்டு. உடல் வெப்பம் விழுந்து இறப்பது அது. மொத்தக் கூடுதலில் அது மிகச் சிறிய பங்கு. மீதியெல்லாம் நாம் அன்றாடம் கேள்விப்படும் நோய்கள்: நுரையீரல் நோய்கள், மாரடைப்பு, பக்கவாதம், டிமென்ஷியா. 2017-18-இன் கூடுதலில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நுரையீரல் நோய்கள்.

குளிருக்கும் மாரடைப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். லண்டனில் வில்லியம் கீட்டிங் என்ற உடலியல் பேராசிரியரின் குழு 1984-ல் செய்த சோதனை ஒன்று உண்டு. உடல்நலமுள்ளவர்களை மெல்லிய ஆடையில், 24 டிகிரிக் காற்று வீசும் அறையில் ஆறு மணி நேரம் வைத்தார்கள். 24 டிகிரி! சென்னையில் ஏசியை அந்த எண்ணில்தான் வைத்துக்கொண்டு தூங்குகிறோம். அந்த லேசான குளிர்ச்சியிலேயே ரத்தத்தின் பிசுபிசுப்பு 21 சதவீதம் ஏறியது. ரத்த அழுத்தம் 126/69-லிருந்து 138/87 ஆனது. தோலின் ரத்தநாளங்கள் சுருங்குகின்றன. உள்ளே தள்ளப்படும் ரத்தத்தைச் சமாளிக்க உடல் நீரை வெளியேற்றுகிறது. மீதி ரத்தம் கெட்டியாகிறது. இளைஞர் தாங்கிக்கொள்வார். ஏற்கெனவே அடைபட்ட தமனியோடு இருக்கும் முதியவருக்கு, கெட்டியான ரத்தத்தில் உருவாகும் ஓர் உறைகட்டி போதும். தென்கிழக்கு இங்கிலாந்தின் இறப்புகளை நாள்வாரியாகப் பார்த்தபோது, கடுங்குளிர் உச்சத்துக்கு இரண்டு நாள் கழித்து மாரடைப்பு இறப்புகளும், 12 நாள் கழித்து நுரையீரல் நோய் இறப்புகளும் உச்சம் தொட்டன. வெயிலால் வரும் இறப்பு அன்றோ மறுநாளோ தெரிந்துவிடும். குளிர் மூன்று வாரம் வரை கணக்கை இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் ஒரு தனி இறப்பைக் காட்டி "இது குளிர்" என்று விரல் நீட்ட முடியவில்லை. கூட்டத்தோடு சேர்த்துத்தான் அளக்க முடிகிறது.

இப்போது உங்கள் 50,000-க்கும் 23,000-க்கும் வருவோம். அதற்கு முந்திய வருடங்களையும் சேர்த்துப் பாருங்கள். ஆயிரத்துக்கு முழுமையாக்கிச் சொன்னால் 2013-14-ல் 17,000. 2014-15-ல் 44,000. பிறகு 24,000, 34,000, 50,000, 23,000. இது வீடுகள் சூடாவதன் கணக்காகவோ ஏழ்மை குறைவதன் கணக்காகவோ இருக்க முடியாது. வீடுகள் ஒரு வருடத்தில் மாறுவதில்லை. ஃப்ளூ மாறுகிறது. 2014-15-ல் சுற்றியது ஹெச்3என்2 வகை. முதியவர்களைக் குறிவைத்துத் தாக்குவது. வைரஸ் உருமாறியதால் அந்த ஆண்டின் தடுப்பூசி அதோடு பொருந்தவில்லை. அடுத்த ஆண்டு முன்னிலையில் இருந்தது ஹெச்1என்1. அது நடுவயதினரைத்தான் அதிகம் படுத்தும், இறப்பு எண் இறங்கியது. 2017-18-ல் ஹெச்3என்2-வும் பி யாமகாட்டா வகையும் சேர்ந்து வந்தன. பரவலாகப் போடப்பட்ட மூவகைத் தடுப்பூசியில் யாமகாட்டா இல்லை. அதோடு பிப்ரவரி கடைசியில் சைபீரியப் பக்கத்திலிருந்து ஒரு கடும் குளிரலை வந்து மார்ச் தொடக்கம் வரை நின்றது. 2018-19-ல் ஃப்ளூ அவ்வளவு மோசமில்லை. பிப்ரவரி 26 அன்று லண்டன் கியூ தோட்டத்தில் 21.2 டிகிரி; பிரிட்டனின் குளிர்காலத்தில் அதுவரை பதிவாகாத வெப்பம்.

குளிர்தான் முழுக்காரணம் என்று நினைப்பவர்களிடம் நான் எப்போதும் காட்டும் ஜோடி ஒன்று இருக்கிறது. 2010 டிசம்பரில் மத்திய இங்கிலாந்தின் மாதச் சராசரியே உறைநிலைக்குக் கீழே போனது. 1890-க்குப் பிறகு அப்படி ஒரு டிசம்பர் இல்லை. அந்தக் குளிர்காலத்தின் கூடுதல் இறப்பு ஏறத்தாழ 26,000. 1999-2000 குளிர்காலம் மிதமானது, ஆனால் ஃப்ளூ கடுமை. அந்த எண் 48,000-ஐத் தாண்டியது. ஆகவே ஒரு வருட எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அரசைப் பாராட்டவும் கூடாது, திட்டவும் கூடாது. புள்ளிவிவர அலுவலகமே ஐந்தாண்டுச் சராசரிக் கோடு ஒன்றைச் சேர்த்துப் போடுவது இதற்காகத்தான். அந்தக் கோட்டைப் பார்த்தால்தான் நல்ல செய்தி தெரியும். கணக்கு தொடங்கிய 1950-51-ல் கூடுதல் இறப்பு ஒரு லட்சத்துக்கு மேல். அன்றைக்கு முதியவர்களின் எண்ணிக்கை இன்றைவிட வெகு குறைவு என்பதையும் நினைவில் வைத்துப் பார்த்தால் இறக்கம் இன்னும் பெரிது.

அடுத்தது, பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடம். கழிக்கும் எண் ஆடினால் மிச்சமும் ஆடும். 2003 ஆகஸ்டில் ஐரோப்பாவைச் சுட்ட வெப்ப அலையில் இங்கிலாந்தில் மட்டும் வழக்கத்தைவிடச் சுமார் 2,000 பேர் அதிகமாக இறந்தார்கள். ஆகஸ்ட், 2003-04 குளிர்காலத்துக்கு முந்திய துண்டில் விழுகிறது. இரண்டு துண்டுகளின் சராசரிதானே எடுக்கிறோம்; ஆக, குளிர்காலக் கூடுதல் ஏறத்தாழ 1,000 குறைந்து தெரியும். குளிர்காலத்தில் ஒருவர்கூடக் கூடுதலாகப் பிழைக்கவில்லை. கோடையில் அதிகம் பேர் செத்ததால் குளிர்காலம் நல்லதாகத் தெரிகிறது! கோடைகள் சூடேறிக்கொண்டே போகும் காலத்தில் இந்தக் குறை ஒவ்வொரு வருடமும் பெரிதாகும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. எப்படியும் மே மாதத்தில் இறந்திருக்கக்கூடிய நோயாளிகள் சிலர் ஜனவரியிலேயே போய்விட்டால், ஏப்ரல்–ஜூலை இறப்பு குறையும். ஒரே இறப்பு குளிர்காலத்தைக் கூட்டி, கழிக்கும் எண்ணையும் குறைத்து, கூடுதலை இரண்டு பக்கமும் ஊதிவிடும். 2013-14 போன்ற மிதமான குளிர்காலம் தப்பவிட்ட பலவீனமானவர்கள் அடுத்த குளிர்காலத்தில் அகப்படுவதும் நடக்கும். 17,000-க்கு அடுத்து 44,000 வந்ததில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்பது என் எண்ணம்.

மூன்றாவதாக, குளிர் டிசம்பர் 1 அன்று தொடங்கி மார்ச் 31 அன்று முடிவதில்லை. நவம்பர் நடுவில் ஒரு வாரம் உறைந்தால் அந்த இறப்புகள் எங்கே சேரும்? கழிக்கும் பக்கத்தில். குளிரால் வந்த இறப்பையே குளிர்காலக் கணக்கிலிருந்து கழிக்கிறோம். ஷகூர் ஹஜாத், அந்தோனியோ கஸ்பரீனி என்ற இரு ஆய்வாளர்கள் 2016-ல் இந்த அளவையே பொதுச் சுகாதாரத்துக்குத் தவறான வழிகாட்டி என்று எழுதினார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். எழுபது வருடத் தொடர் என்பது எளிதில் கிடைக்காத சொத்து. ஆனால் அவர்கள் சுட்டிய குறை உண்மையான குறை.

அவர்கள் சொல்லும் மாற்று வழி நாள்வாரிக் கணக்கு. ஒவ்வொரு நாளின் வெப்பநிலையையும் அன்றும் அதைத் தொடர்ந்த மூன்று வாரங்களும் நடந்த இறப்பையும் பொருத்தி, எந்த வெப்பநிலையில் இறப்பு மிகக் குறைவோ அதை அந்த ஊரின் உகந்த புள்ளியாக வைப்பது. அதற்குக் கீழே ஒவ்வொரு டிகிரியும் எவ்வளவு இறப்பைக் கூட்டுகிறது என்று கோடு வரைவது. ஊருக்கு ஊர் அந்தப் புள்ளி வேறு. கஸ்பரீனியும் உடனாய்வாளர்களும் 13 நாடுகளில் 384 இடங்களில் 7.4 கோடி இறப்புகளை இப்படி ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். உகந்த புள்ளியிலிருந்து வெப்பநிலை விலகியதால் வந்தவை மொத்த இறப்பில் 7.7 சதவீதம். அதில் 7.3 குளிருக்கு, 0.4 வெயிலுக்கு. அதைவிட முக்கியம், குளிரின் பங்கில் பெரும்பகுதி உறைபனி நாட்களில் வரவில்லை. லேசான குளிர் நாட்களில் வந்தது. ஏனென்றால் அப்படிப்பட்ட நாட்கள்தான் அதிகம். இந்தியாவிலும் 'பத்து லட்சம் இறப்பு ஆய்வு' என்ற பெரிய ஆய்வின் தரவை வைத்து 2018-ல் பார்த்தபோது, லேசான குளிரின் பங்கே மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக வந்தது. வானிலை எச்சரிக்கை வந்த நாளில் மட்டும் முதியவர்களைக் கவனித்தால் போதாது என்பதற்கு இதைவிட வலுவான ஆதாரம் எனக்குத் தெரியாது.

லேசான குளிர் என்றதும் நாடுகளின் வரிசை ஞாபகம் வருகிறது. ஜொனாதன் ஹீலி என்ற ஆய்வாளர் 2003-ல் 14 ஐரோப்பிய நாடுகளை ஒப்பிட்டார். குளிர்கால இறப்பு அதிகம் கூடிய நாடு எது? பின்லாந்து என்று நினைப்போம். பின்லாந்தில் 10 சதவீதம்தான். முதலிடம் போர்ச்சுகல், 28 சதவீதம். ஸ்பெயினும் அயர்லாந்தும் 21. ஆரஞ்சு காய்க்கும் லிஸ்பன் பக்கம் பனிகொட்டும் ஹெல்சிங்கியைவிடக் குளிர்காலத்தில் ஆபத்தானது! இதற்கு ஆறு வருடம் முன்பே கீட்டிங் பங்கேற்ற ஐரோப்பியக் குளிர்கால ஆய்வு இதையே வேறு வழியில் காட்டியிருந்தது. வெப்பநிலை 18 டிகிரிக்குக் கீழே ஒரு டிகிரி இறங்கினால் ஏதென்ஸில் இறப்பு 2.15 சதவீதம் கூடியது, தென் பின்லாந்தில் 0.27 சதவீதம். அந்த ஆய்வுக்காரர்கள் வீடு வீடாகக் கேட்டார்கள்: கூடத்தில் எத்தனை டிகிரி? வெளியே போகும்போது தொப்பி உண்டா, கையுறை உண்டா? வெளியே ஒரே குளிர் என்றாலும் தெற்கே வீட்டுக்கூடம் குளிர்ந்து கிடந்தது. தொப்பியும் கையுறையும் போட்டவர்கள் குறைவு. போர்ச்சுகல் வீடுகள் கோடைக்காகக் கட்டியவை. சுவரில் வெப்பக்காப்பு கிடையாது, நடுவண் வெப்பமூட்டல் கிடையாது. பின்லாந்தில் மூன்றடுக்குக் கண்ணாடி சன்னல். மனிதரைக் கொல்லும் குளிர் பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் குளிர்தான்.

இங்கிலாந்துக்குள்ளேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். இதய, ரத்தநாள நோய் இறப்புகளை அஞ்சல் குறியீடு வழியாக வீட்டுநிலைக் கணக்கெடுப்போடு பொருத்தினார்கள். 1850-க்கு முன் கட்டிய வீடுகளில் இருந்தவர்களிடையே குளிர்கால இறப்பு 28 சதவீதம் கூடியது. 1980-க்குப் பின் கட்டியவற்றில் 15 சதவீதம். எங்கள் தெருப் பாட்டியின் சான்றிதழில் இல்லாத சன்னல், இந்தக் கணக்கில்தான் வெளியே வந்தது. அறை வெப்பம் 18 டிகிரிக்குக் குறையாமல் இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்னதற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் "குளிர்காலக் கூடுதல் இறப்பு 50,000, எல்லாம் குளிர்ந்த வீட்டால்" என்று எழுதும் தொண்டு அமைப்புகளை நான் ஏற்கமாட்டேன். உண்மையான பங்கு ஐந்தில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றுக்குள் என்றுதான் மதிப்பீடுகள் சொல்கின்றன. அதுவே போதுமான அளவுக்குக் கொடுமை. ஊதிச் சொன்னால், ஃப்ளூ இறங்கிய வருடத்தில் எண் பாதியாகும்போது அதே வாயால் "வீட்டுப் பிரச்சினை தீர்ந்தது" என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும்.

கடைசியாகப் பெரிய குழப்பம். கோவிட்டுக்குப் பிறகு "கூடுதல் இறப்பு" என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளில் பயன்படுத்துகிறார்கள். மேலே சொன்னது குளிர்காலத்தை மற்ற மாதங்களோடு ஒப்பிடுவது. இன்னொன்று, இந்த ஜனவரியை வழக்கமான ஜனவரியோடு ஒப்பிடுவது. இரண்டாவதில் குளிர்காலம் வந்தால் இறப்பு ஏறும் என்பது முன்கூட்டியே எதிர்பார்ப்புக்குள் போய்விடுகிறது. அதற்கும் மேலே போனால்தான் கூடுதல். இந்த வழி புதிதல்ல. லண்டனில் 1847-ல் இன்ஃபுளுவென்ஸா தாக்கியபோது, பதிவாளர் அலுவலகத்தில் இருந்த வில்லியம் ஃபார், நோயின் பெயரோடு பதிவான இறப்புகளை மட்டும் பார்க்காமல், அந்தப் பருவத்தின் வழக்கமான இறப்புக்கு மேல் எத்தனை என்று பார்த்தார். 1963-ல் அமெரிக்காவின் ராபர்ட் செர்ஃப்ளிங் அந்த வழக்கமான ஏற்ற இறக்கத்தை அலைபோன்ற ஒரு வளைகோடாக வரைந்து கணிதமாக்கினார். இன்று டென்மார்க்கிலிருந்து நடக்கும் யூரோமோமோ என்ற இறப்புக் கண்காணிப்புத் திட்டம் ஒவ்வொரு வாரமும் ஐரோப்பிய நாடுகளின் இறப்பை அந்த வம்சத்து வளைகோட்டோடுதான் ஒப்பிடுகிறது. அவர்கள் செய்யும் ஒரு காரியம் எனக்குப் பிடிக்கும்: வளைகோட்டை வரையும்போது குளிர்கால, கோடைகால உச்ச வாரங்களை விட்டுவிட்டு, வசந்தத்தையும் இலையுதிர் காலத்தையும் மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கடுமையான ஃப்ளூ வருடங்களையும் வெப்ப அலைகளையும் உள்ளே விட்டால் அவையே வழக்கம் ஆகிவிடும் அல்லவா?

வழக்கம் எது என்பதைத் தீர்மானிப்பதில் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதற்கு ஓர் உதாரணம். 2023-ல் பிரிட்டன் முழுவதற்குமான கூடுதல் இறப்பு, முந்திய ஆண்டுகளின் சராசரியோடு ஒப்பிட்ட பழைய முறையில் 31,000-க்கு மேல் வந்தது. 2024 பிப்ரவரியில் புள்ளிவிவர அலுவலகம் முறையை மாற்றியது. மக்கள்தொகை பெருகியதையும் முதியவர்கள் கூடியதையும் எதிர்பார்ப்புக்குள் சேர்த்தது. அதே வருடத்துக்கு அப்போது வந்த எண் சுமார் 11,000. இறந்தவர்கள் அதே ஆட்கள். 20,000 பேர் மறைக்கப்பட்டார்கள் என்று அப்போது கிளம்பிய கூச்சலில் உண்மை இல்லை; நான் புதிய முறையின் பக்கம்தான். எண்பது வயதுக்காரர்கள் ஒவ்வொரு வருடமும் கூடும் நாட்டில், ஐந்து வருடத்துக்கு முந்திய எண்ணை வழக்கம் என்று வைத்தால் எல்லா வருடமும் கூடுதலாகத்தான் தெரியும்.

முதலில் சொன்ன குளிர்காலக் கழித்தல் முழுதாகவே உடைந்த இடமும் கோவிட்தான். 2020 ஏப்ரலில் இங்கிலாந்து, வேல்ஸில் ஏறத்தாழ 88,000 இறப்புகள், வழக்கமான ஏப்ரலைப்போல் இரு மடங்கு. ஏப்ரல் கழிக்கும் துண்டில் வருகிறது. அப்படியே போட்டிருந்தால் 2019-20-ல் குளிர்காலத்தில் யாருமே கூடுதலாக இறக்கவில்லை என்று விடை வந்திருக்கும். கோவிட் இறப்புகளை விலக்கிவிட்டுத்தான் 28,000 என்ற எண்ணைத் தந்தார்கள்.

வழக்கத்தோடு ஒப்பிடும் அந்த இரண்டாவது வகைக் கழித்தலை நம் ஊரிலும் செய்திருக்கிறார்கள். சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளை 2016-லிருந்து எடுத்து, பருவகால ஏற்ற இறக்கத்தைச் சேர்த்து ஒரு வழக்கத்தை வரைந்து, 2020 மார்ச் முதல் 2021 ஜூன் வரை நடந்த 87,870 இறப்புகளோடு ஒப்பிட்டபோது, எதிர்பார்த்ததைவிடச் சுமார் 26,000 அதிகம் என்று வந்தது. மரணச் சான்றிதழ் சொல்லாததைப் பதிவேட்டின் கூட்டுத்தொகை சொன்னது.

நீங்களே செய்து பார்க்க விரும்பினால் எக்செல் போதும். வாரவாரியான இறப்புக் கணக்கைப் பிரிட்டன் அலுவலகம் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் நான் ஒரு வரைபடம் போட்டுக்கொண்டு போனேன். கிறிஸ்துமஸ் வாரத்தில் இறப்பு சட்டென்று இறங்கி, ஜனவரி இரண்டாம் வாரத்தில் செங்குத்தாக ஏறியிருந்தது. பண்டிகைக்கு உறவினர்கள் வந்து கூட இருப்பதால் முதியவர்கள் தாங்குகிறார்களோ என்று ஒரு பத்தி வேறு எழுதியிருந்தேன். என் மேலதிகாரி அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, கடந்த ஐந்து வருடத்து கிறிஸ்துமஸ் வாரங்களையும் எடுத்துவரச் சொன்னார். எல்லா வருடத்திலும் அதே பள்ளம், அதே மேடு. அது பதிவு செய்த தேதி. அந்த வாரத்தில் பதிவாளர் அலுவலகங்கள் மூடியிருக்கும். இறந்த தேதிப்படி அடுக்கியதும் பள்ளம் காணாமல் போனது. இறப்பு கிறிஸ்துமஸ் நாட்களிலும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆகவே கோப்பைத் திறந்ததும் தலைப்பு வரியைப் பாருங்கள்: இறந்த நாளா, பதிவான நாளா. மரண விசாரணைக்குப் போன இறப்புகள் பதிவாக மாதக்கணக்கில் ஆகும் என்பதால், கடைசி சில வாரங்களின் எண்ணை இப்போதைக்குத் தற்காலிகமாக வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து அதே கணக்கை ஒருமுறை திரும்பப் போடுங்கள்.